நொண்டிக் குதிரையின் நாற்பத்தொரு ஓசைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகிறது. இதுவரை டாக்டர்கள் எழுதினார்கள், எஞ்சினியர்கள் எழுதினார்கள், பெட்ரோல் நிலையம் வைத்திருப்பவர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். இந்த முறை மலர்க்குழுச் செயலாளர் எனக்குப் போன் பண்ணினார்.

"அண்ணை, நீங்கள் மியூசிக் லைனில இருந்தனீங்கள்தானே. அதைப் பற்றி ஒரு கட்டுரை தாங்கோ. பிள்ளையள் எல்லாம் திரும்பவும் அந்தப் பெரிய கறுப்பு ரெக்கோட் வாங்கத் தொடங்கியிட்டினம்."

"நான் மியூசிக் லைனில இருக்கேல்லை."

"அதையும் எழுதுங்கோ," என்றார். டாக்டர்களின் கையிருப்பு தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

நான் இசைத்தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில், காதை வாடகைக்குக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். இசைத்துறைக்கும் எனக்கும் உள்ள உறவு, சோற்றுக்கும் அரிசியில் கல் பொறுக்குகிறவனுக்கும் உள்ள உறவு. ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகளைத் தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டின் முதல் வரியும் சொல்லத் தெரியாது. ஆனாலும் வெம்பிளியில் கலியாண மண்டபத்தில் மைக் கீச்சிட்டால் சனம் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

ஊரில் பௌதிகவியலில் பட்டம் பெற்று, மூன்று வருடம் படிப்பித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தேன். வந்த கதை எல்லோருடைய கதைதான். இதே மலரில் வேறு பலர் உருக்கமாக எழுதிவிட்டார்கள், ஆகவே அதை விட்டுவிடுகிறேன். தொழிற்சாலை வெம்பிளிக்கு மேற்கே இருந்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். என்னை நேர்முகம் கண்டவர் பிரிவின் தலைவர் மிஸ்டர் விட்லோக். கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டியால் துடைத்தபடி, "இசையில் ஆர்வம் உண்டா?" என்று கேட்டார். வேலை போய்விடக்கூடாதே என்று, "பெரிதாக இல்லை, ஆனால் வளர்த்துக்கொள்ளலாம்," என்றேன். "தயவுசெய்து வேண்டாம்," என்றார். எனக்கு முன்னால் இருந்தவர் காலால் தாளம் போடத் தொடங்கி, ஒரு மாதக் கோளாறுகளைத் தவறவிட்டாராம்.

பயிற்சி இரண்டு வாரம். அதன் சாரம் ஒரே வாக்கியம்: இசையைக் கேட்காதே, இசைத்தட்டைக் கேள்.

நடைமுறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. பாட்டுக்காரர் தரும் டேப்பிலிருந்து ஒரு உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சை இயந்திரத்தில் பூட்டி, சூடான பிளாஸ்டிக்கை அதில் வைத்து நசுக்கினால் இசைத்தட்டு. முதலில் சில மாதிரிகள் அடிப்போம். அவற்றை நாங்கள் கேட்டுச் சரி சொன்ன பிறகு பாட்டுக்காரர் கையெழுத்து வைப்பார். அதன்பின் அச்சைத் திரும்பவும் பூட்டி மொத்தமாக அடிப்போம். மொத்த அடிப்பிலும் இடைக்கிடை ஒன்றை எடுத்துக் கேட்போம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர், இரண்டு பிரதி, இரண்டு அறை, இரண்டு கையெழுத்து. எங்கள் தாளில் நேரம், பக்கம், ஓசையின் வகை, எத்தனை தடவை என்று நிரல்கள் இருந்தன. ஓசைகளில் 'டிக்' உண்டு, 'கரகர' உண்டு, 'டொம்' உண்டு. ஒரு ஓசை ஒரு பிரதியில் மட்டும் கேட்டால் அது பிளாஸ்டிக்கின் குற்றம். இரண்டிலும் ஒரே இடத்தில் கேட்டால் உலோகத்தின் குற்றம், அல்லது உலோகத்துக்குப் பின்னால் ஒட்டிய தூசியின் குற்றம். அப்படிப்பட்ட தூசி, இசைத்தட்டு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு டொம் போடும். ஒரு சுற்றுக்கு ஒன்று தசம் எட்டு செக்கன்.

பாட்டுக்காரர் தந்த டேப்பிலேயே ஓசை இருக்கலாம் என்ற யோசனைக்கு எங்கள் தாளில் நிரல் இல்லை. நித்திரை வராதவர்களுக்கென்று மழைச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து ஒரு கம்பனி அனுப்பியது. நான் அதை, "இரு பக்கமும் முழு நீளத்துக்கும் கரகர" என்று எழுதி நிராகரித்தேன். அடுத்த அறையில் கேட்டவரும் அப்படியே எழுதினார். விட்லோக் இரண்டு தாளையும் வாசித்து, கண்ணாடியைத் துடைத்து, "இரண்டு பேருடைய கணிப்பும் ஒத்துப்போகிறது, மிகவும் மகிழ்ச்சி," என்றார். மழை திருப்பி அனுப்பப்பட்டது.

அடுத்த அறையில் இருந்தவர் புனிதம் அக்கா. ரெய்னர்ஸ் லேனிலிருந்து பஸ் பிடித்து வருவார். எனக்குப் பத்து வயது மூப்பு. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்பார். கை நிற்கும் இடத்தில் ஓசை இருக்கிறது என்று அர்த்தம். அவர் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. ஆனால் நான் இரண்டு தடவை ஓடவிட்டுக் கண்டுபிடிப்பதை அவர் ஒரு தடவையில் பிடிப்பார். இது எனக்குக் கொஞ்சம் குத்தும். அதை அவர் அறிந்திருந்தார்.

"தம்பி, நீர் பௌதிகம் படிச்சனீர். அதுதான் உமக்குக் கேக்கிறதுக்கு முன்னம் யோசனை வந்திடுது," என்பார்.

எண்பதுகளின் நடுவில், சின்னக் கம்பனி ஒன்றிடமிருந்து 'நொண்டிக் குதிரை' என்ற கிற்றார் ஜாஸ் இசைத்தட்டு வந்தது. வாசித்தவர் பெயர் இம்ரே. ஹங்கேரியிலிருந்து இளவயதில் ஓடி வந்தவர். கோலியர்ஸ் வுட்டில் இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலை பார்த்தார். பகலில் பள்ளிக்கூடத்தைச் சூடாக்கும் பொயிலர், பின்னேரத்தில் கிற்றார். அவருடைய தாயின் மலைக்கிராமத்து நடன மெட்டுகளை எடுத்து, நடுவில் தன் போக்கில் கற்பனையாக விரித்து வாசித்திருந்தார். அந்த மெட்டுகளில் ஒரு அடி மற்ற அடிகளைவிடக் கொஞ்சம் நீளம். கால் ஊனமான குதிரை நடப்பதுபோல் இழுத்து இழுத்துப் போகும். அந்த ஊரில் வயலின்காரனுக்குப் பக்கத்தில் பெரிய தந்தி வாத்தியத்தைத் தடியால் அடிக்கிறவன் ஒருவன் இருப்பானாம். இம்ரேயிடம் அப்படி ஆள் இல்லாததால் தடித்த தந்தியைப் பெருவிரலால் அடித்தும், குதிக்காலால் தரைப் பலகையில் இடித்தும் தானே சமாளித்திருந்தார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, முதல் பக்கத்தில் மட்டும் பத்தொன்பது கோளாறு.

நிராகரித்தேன். புதிய அச்சு எடுத்தார்கள். பத்தொன்பதும் அதே இடத்தில் இருந்தன. திரும்பவும் நிராகரித்தேன். மூன்றாவது அச்சும் வந்து, அதுவும் தோற்றது. உலோகப் பிரிவின் தலைவர் எங்கள் பிரிவுக்கு நேரில் வந்து, என் காதுகளைப் பற்றிச் சில கருத்துகளைச் சொன்னார். விட்லோக் கண்ணாடியைத் துடைத்தார். "இதற்கு ஒரு விளக்கம் நிச்சயம் இருக்கும். அது எங்கேயாவது எழுதப்பட்டும் இருக்கும்," என்றார். அவர் எதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. எழுதப்படாத எதையும் ஏற்றுக்கொண்டதும் கிடையாது.

நான்காம் வாரம் இம்ரே நேரில் வந்துவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, பெரிய கை, காவலாளி உடுப்பு. இனி வரும் ஆங்கிலப் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"என்னுடைய இசைத்தட்டை மூன்று தரம் திருப்பி அனுப்பியது யார்?"

நான் எழுந்து நின்றேன்.

"அதில் என்ன பிழை?"

தாளைக் காட்டினேன். நெடுநேரம் வாசித்தார். "இது நான்," என்றார்.

"எது?"

"எல்லாம்." பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கு இது ஒன்றுதான். இதற்குப் பிறகு யாரும் என்னைப் பதிவு செய்யப்போவதில்லை. நான் வாசித்தது அப்படியே வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்."

விட்லோக் என்னைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை உதித்தது. அதற்காக எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. ஓசைகள் எல்லாம் அவருடையவை என்றால், ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒப்புதல் வாங்கிவிடலாம். பட்டியலில் இருப்பது கோளாறு அல்ல. இல்லாதது கோளாறு. விட்லோக்கின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

இம்ரேயை என் அறைக்குள் இருத்தி, மாதிரியை ஓடவிட்டு, ஒவ்வொரு ஓசையிலும் ஊசியைத் தூக்கினேன். புனிதம் அக்கா சாட்சியாகப் பின்னலோடு வந்து அமர்ந்தார்.

"இது?"

"மூச்சு. நான்."

"இது?"

"பெருவிரல்."

"இது? கிறீச்சென்று."

"கதிரை."

"கதிரையும் நீங்கள்தானா?"

"கதிரையில் இருந்தது நான்."

முதல் பக்கம் முடியும்போது அவருடைய குரல் மாறியிருந்தது. தான் மூக்கால் முனகுவது அவருக்குத் தெரியாது. சட்டைப் பொத்தான் கிற்றாரில் உரசுவது தெரியாது. மெட்டு மாறும் இடங்களில் நாக்கால் 'ச்' கொட்டுவதைக் கேட்டு முகம் சிவந்துபோனார்.

"முப்பது வருடமாக வாசிக்கிறேன். இதையெல்லாம் நான் செய்கிறேன் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை."

"அவையள் பாட்டைக் கேட்டிருப்பினம்," என்று புனிதம் அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

மொத்தம் நாற்பத்தொரு ஓசைகள். பதினேழாவது: 'டொம், குதிக்கால், பலகை, இரு பக்கமும், பல தடவை.' அதற்கு நேரம் குறிக்கவில்லை. அவ்வளவு தடவை குதிக்காலால் இடித்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இம்ரே சுருக்கொப்பம் வைத்தார். ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்களாம், நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவதுபோல. அதனால் எந்த எழுத்து முதலில் என்று விட்லோக்குக்குச் சந்தேகம் வந்து, நாற்பத்தொன்றையும் திரும்ப வைக்கச் சொன்னார். வைத்தார்.

அடுத்த கிழமை மொத்த அடிப்பு. முதல் பிரதிகள் இரண்டு வந்தன. நான் ஒன்றை எடுத்தேன், அக்கா ஒன்றை எடுத்தார். அன்றைக்கு நான் கேட்டது எப்படியென்றால், கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல. மூச்சு, வந்தாயிற்று. கதிரை, வந்தாயிற்று. இரண்டாம் பக்கத்தின் கடைசி மெட்டில் டொம், டொம், டொம் என்று ஒரு நிமிடத்துக்குக் கிட்ட இடித்தது. பதினேழு, வந்தாயிற்று. கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா தன் அறை வாசலில் பின்னலை நிறுத்திவிட்டு நின்றார்.

"தம்பி, கடைசிப் பாட்டில ஒண்டு இடிக்குது."

"பதினேழு அக்கா. குதிக்கால். சைன் வைச்சிருக்கிறார்."

"அந்தாள் இடிக்கிறது எனக்குத் தெரியும். இது அந்தாள் இல்லை."

"ஏன்?"

"அந்தாள் நொண்டி நொண்டியெல்லோ வாசிக்குது. இது நேரா நடக்குது. ஒரு மனிசன் இவ்வளவு நேரா இடிக்கமாட்டான்."

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது, பயிற்சியின் இரண்டாம் நாளே சொல்லித் தந்தது: ஸ்டொப்வாட்ச்சை எடுத்து இடைவெளியை அளப்பது. ஒரு நிமிட வேலை. அது என் மேசையில்தான் இருந்தது. ஆனால் பட்டியல் என்னுடையது. அதன் மேல் விட்லோக் பச்சை மையில் 'சிறப்பு' என்று எழுதியிருந்தார். தவிர, இப்போது சந்தேகம் கிளப்பினால் இயந்திரத்தை நிறுத்தி நான்காம் தரமும் நிராகரிக்க வேண்டும். அந்த மனிதர் திரும்பவும் காவலாளி உடுப்போடு வந்து நிற்பார்.

"அக்கா, லிஸ்டில இருக்கு. இருக்கிறதைக் கோளாறு எண்டு எழுத ஏலாது."

"சரி. நீர் பெரிய ஆள். நான் எனக்குக் கேட்டதை எழுதிப்போட்டுச் சைன் வைக்கிறன்."

குறிப்பு நிரலில் ஏதோ எழுதிவிட்டுக் கையெழுத்து வைத்தார். இரண்டு கையெழுத்தும் இருந்ததால் குறிப்பை யாரும் வாசிக்கவில்லை. இயந்திரம் மாலைவரை ஓடியது.

'நொண்டிக் குதிரை' வெளிவந்தது. பெரிய விற்பனை இல்லை, ஆனால் பெரிய மரியாதை. அப்போது இருந்த ஜாஸ் பத்திரிகை ஒன்று, கடைசி மெட்டில் வரும் அந்த இடியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதியது. எல்லைக் கம்பியைத் தாண்டிப் போகிறவனின் காலடி அது என்று சொல்லியது. இன்னொன்று, கிராமத்துச் சாவீட்டுப் பறையை நவீன இசைக்குள் கொண்டுவந்த துணிச்சல் என்றது. கம்பனி இரண்டையும் கத்தரித்து அனுப்பியது. விட்லோக் அவற்றை எங்கள் பிரிவுச் சுவரில் ஒட்டுவித்தார். என் பட்டியல், 'அனுமதிக்கப்பட்ட ஓசைகள்' என்ற பெயரில் தொழிற்சாலையின் நிரந்தரப் படிவமானது. நான் மூத்த பரிசோதகன் ஆனேன். மழைக் கம்பனிக்குக்கூட ஒரு படிவம் அனுப்பி, மழையை ஓசை எண் ஒன்றாகப் பதிந்து ஏற்றுக்கொண்டோம். புனிதம் அக்கா இரண்டு வருடத்தில் வேலையை விட்டு, மகளோடு கனடா போனார். போகும்போது எனக்கு ஒரு ஸ்வெட்டர் தந்தார். ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். வேண்டுமென்று செய்ததா என்று கேட்டேன். "லிஸ்டில இருக்கு," என்றார்.

தொண்ணூறுகளில் தொழிற்சாலை சீடிக்கு மாறியது. கேட்கும் அறைகளை உடைத்தார்கள், ஒன்றைத் தவிர. சீடியை மனிதர் கேட்பதில்லை. ஒரு இயந்திரம் பிழைகளை எண்ணும், அந்த எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்து வைப்பேன். அப்போது நான் பிரிவின் துணைத் தலைவர். விட்லோக் இன்னும் தலைவர். கழுத்துப்பட்டி மட்டும் மாறியிருந்தது.

இம்ரேயின் கம்பனி பழைய டேப்பை அனுப்பி, 'நொண்டிக் குதிரை'யைச் சீடியாக்கச் சொன்னது. மாதிரிகள் அனுப்பினோம். மூன்றாம் நாள் முறைப்பாட்டுக் கடிதம் வந்தது: கடைசி மெட்டில் புகழ்பெற்ற அந்த இடியைக் காணவில்லை. எங்கள் சீடி இயந்திரம் அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டதா?

டேப்பை எடுத்து ஓடவிட்டேன். இடி இல்லை. குதிக்கால் அங்கங்கே இடித்தது, நொண்டி நொண்டி. அந்த ஒரு நிமிட ஊர்வலம் இல்லை. பிறகு களஞ்சியத்திலிருந்து பழைய இசைத்தட்டு ஒன்றை எடுத்து, மிச்சமிருந்த அறையில் வைத்து, பத்து வருடம் பிந்தி ஸ்டொப்வாட்ச்சை அமத்தினேன். பத்து இடிக்குப் பதினெட்டு செக்கன்.

திரும்பவும் அளந்தேன். பதினெட்டு.

மொத்த அடிப்புக்காக அச்சைத் திரும்பப் பூட்டும்போது அதற்குப் பின்னால் ஒரு தூசி ஒட்டியிருக்கிறது. எல்லைக் கம்பியும் சாவீட்டுப் பறையும் அதுதான். பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். புனிதம் அக்காவின் குறிப்பு அவருடைய பெரிய எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது: மனிதன் அல்ல, மிகவும் நேர். அடுத்த தாளில் என் கையெழுத்து, வழக்கத்தைவிட அழகாக.

கோப்போடு விட்லோக்கிடம் போனேன். முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆக, பழையதில் கோளாறு இருந்தது. புதியதில் இல்லை. வாடிக்கையாளர் கோளாறு இல்லாததைப் பற்றி முறையிடுகிறார்."

"ஆமாம்."

"அப்படியென்றால் அந்த இசைத்தட்டிலிருந்து கோளாறை எடுத்துச் சீடியில் சேர்க்கலாம். நடைமுறை இருக்கிறதா?"

"கோளாறு நீக்கத்தான் நடைமுறை இருக்கிறது. சேர்க்க இல்லை."

"எழுதுங்கள்," என்றார். "வாசித்தவரின் ஒப்புதல் கையெழுத்து அவசியம் என்று ஒரு வரி போடுங்கள். அது எப்போதும் நல்லது."

எழுதினேன். கம்பனிக்கும் சம்மதம், இடி இல்லாவிட்டால் சீடி விற்காது என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். தபாலில் அனுப்பியிருக்கலாம். எதைச் சேர்க்கப்போகிறோம் என்பதைப் படிவத்தில் விளக்க இடம் இல்லாதபடியால் நானே கொண்டுபோனேன்.

கோலியர்ஸ் வுட்டில், கடையொன்றின் மேல்மாடியில் இருந்தார். ஓய்வு பெற்றுவிட்டார். என்னை உடனே அடையாளம் கண்டு, "காதுக்காரர்," என்று கையைப் பிடித்தார். கோப்பி ஊற்றினார். கச்சேரிகளுக்கு இப்போதும் கூப்பிடுகிறார்கள் என்றார். எல்லோரும் கடைசி மெட்டைத்தான் கேட்கிறார்களாம்.

"அது லேசான வேலை இல்லை," என்றார். "இசைத்தட்டு வந்த பிறகு வீட்டில் போட்டுக் கேட்டேன். அந்த இடியைக் கேட்டு நானே பயந்துபோனேன். மெட்டு நொண்டுகிறது, கால் நேராக நடக்கிறது. இதை எப்படிச் செய்தேன்? எனக்கு நினைவே இல்லை. ஆனால் உங்கள் அறையில் இருந்து, நான் அறியாமல் செய்கிற நாற்பத்தொரு காரியத்தைக் கேட்டவன் அல்லவா? இதுவும் அப்படி ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். திரும்பச் செய்து பழக ஒன்றரை வருடம் பிடித்தது. கையை மறந்தால் கால் வராது. காலை மறந்தால் கை வராது. இப்போது வருகிறது."

படிவத்தைப் பைக்குள் திருப்பி வைக்கலாமா என்று யோசித்தேன். அவர் கையெழுத்து வைத்திருப்பார். கேள்வி கேட்காமல் வைப்பதற்கு அவரைப் பழக்கியவனே நான்தான்.

சொன்னேன். தூசி, அச்சு, ஒன்று தசம் எட்டு செக்கன், அக்காவின் குறிப்பு, என் கையெழுத்து. ஒழுங்காகத்தான் சொன்னேன், அறிக்கைபோல. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

 இம்ரே சுவரில் சாய்த்திருந்த கிற்றாரை எடுத்தார். அந்தக் கடைசி மெட்டைத் தொடங்கினார். இழுத்து இழுத்து, டேப்பில் கேட்டதுபோலவே. அந்த இடம் வந்தது. குதிக்கால் எழும்பிப் பலகையில் நேராக இடிக்கத் தொடங்கியது. நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார். திரும்பவும் கால் எழும்பியது. மூன்றாம் தரம் கதிரையின் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் பாதத்தைக் கொழுவிக்கொண்டு வாசித்துப் பார்த்தார். கால் எழும்பவில்லை. விரல் பிசகியது.

கிற்றாரை வைத்தார்.

"இனி எனக்குப் பழையபடி வராது," என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். கையை விசுக்கினார், ஈயைக் கலைப்பதுபோல.

"டேப்பில் இடி இல்லைத்தானே?"

"இல்லை."

"அந்தப் படிவத்தில் நான் கையெழுத்து வைக்காவிட்டால்?"

"நடைமுறைப்படி சேர்க்க ஏலாது. டேப்பில் உள்ளபடியே போகும். கம்பனி விரும்பாது. விற்காது என்கிறார்கள்."

"அப்படியே போகட்டும்," என்றார். "உங்களைச் சந்திக்காத ஒருத்தன் வாசித்ததாக அது ஒன்றாவது இருக்கட்டும்."

படிவத்தை வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தேன். கம்பனி விட்லோக்குக்குப் போன் பண்ணியது. விட்லோக் என்னைக் கூப்பிட்டார். கையெழுத்து இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, அந்த வரியைப் போடச் சொன்னது நீங்களே என்று நினைவூட்டினேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் நடைமுறை ஒரு மனிதனுக்கு உதவி செய்ததை அந்த ஒரு தரம்தான் கண்டேன். அதுவும் தற்செயல். சீடி வெளிவந்தது. கம்பனி சொன்னதுபோலவே விற்கவில்லை. இடியைக் காணவில்லை என்று வாங்கியவர்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கெல்லாம், வட்டு பரிசோதிக்கப்பட்டது, கோளாறு எதுவும் இல்லை என்று பதில் எழுதினேன். என் வேலைக்காலத்தில் முழு மனதோடு கையெழுத்து வைத்த கடிதங்கள் அவை.

சீடி அடித்த அன்று இயந்திரம் பிழைகளை எண்ணி முடித்துத் தாளைத் துப்பியது. கையெழுத்து வைத்தேன். பிறகு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. முழுவதையும் கேட்டேன். கடைசி மெட்டில், முன்பு தூசி இடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தின் நடுவில், மிகச் சின்னதாக ஒரு ஓசை இருந்தது. இம்ரே சிரிக்கிறார். விரல் எதையோ நினைத்தபடி பிடித்துவிட்டதற்காக, மூக்கால், தனக்குத்தானே. எங்கள் நாற்பத்தொன்றில் அது இல்லை. பட்டியல் போட்ட அன்றைக்கு அந்த இடம் ஓடும்போது நாங்கள் எல்லோரும் கதிரையைப் பற்றியோ பொத்தானைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்திருப்போம்.

போன் பண்ணிச் சொல்லலாம் என்று எண்ணை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். சொன்னால் அடுத்த கச்சேரிக்குள் அதையும் பழகிவிடுவார்.